மாடி வீட்டுக்கு ஏற்ற சிறிய பறவை எது? அப்பா பச்சைக்கிளிதான் வேண்டும் என்கிறார்

தஞ்சை மாடிவீடு | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மொத்தம் 12 வீடுகள். அப்பாவுக்கு 74 வயது. நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் அரிசி ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு இழுப்பு அதிகமானதால், மருத்துவமனை பக்கத்தில் இருக்கட்டும் என்று போன தை மாதம் இருவரையும் எங்களோடு அழைத்து வந்துவிட்டோம்.

அப்பாவுக்கு இந்த வீடு ஒட்டவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். ஊரில் கொல்லை மாமரத்தில் தவிட்டுக்குருவிகள் சண்டை போடும் சத்தத்தில்தான் எழுந்திருப்பார். இங்கே ஐந்து மணிக்கே விழித்து, விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "சத்தமே இல்லாத வீட்டில் விடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிவது?" என்று ஒருநாள் கேட்டார். அதன்பிறகுதான் பறவை வாங்கும் யோசனை வந்தது.

சிறியதாக, சாதுவாக, அதிகம் கத்தாததாக இருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம்; பார்த்துக்கொள்ளப்போவது அப்பாதான். அவரோ பச்சைக்கிளிதான் வேண்டும் என்கிறார். சிறுவயதில் வீட்டில் வளர்த்தாராம். என்ன செய்யலாம்?

அரசலாறு | ஞாயிறு, இரவு 9.32

லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். போன மாதம் என் மகளுக்கு 500 ரூபாய்க்கு வாங்கினேன். இதற்கு ஏன் இத்தனை யோசனை?

கூண்டுச்சாவி | ஞாயிறு, இரவு 10.15

அரசலாறு, எந்த லவ் பேர்ட்ஸ்? நம் பக்கத்துக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பட்ஜி. பட்ஜெரிகர் என்பது முழுப்பெயர். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை, சுமார் 18 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 40 கிராம் எடை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கட்டை வால், பருத்த அலகு. கடைக்காரர் அதை 'ஆப்பிரிக்கன்' என்று தனியாகச் சொல்வார். பெயர்க் குழப்பத்தில் அதை வாங்கி வந்து, ஒரு வாரத்தில் ஆள் தேடி இலவசமாகக் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதன் குரல் தகரத்தில் ஆணி கீறியது போல இருக்கும். கடித்தால் விரலில் ரத்தம் வரும். கைக்குழந்தை இருக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் அது வேண்டவே வேண்டாம்.

தம்பி, நான் கும்பகோணத்தில் 15 ஆண்டுகளாகப் பறவை வளர்க்கிறேன். சத்தம் போடாத பறவை என்று ஒன்று கிடையாது. ஓயாமல் மெதுவாகப் போடும் சத்தம் உண்டு, திடீரென்று போடும் சத்தம் உண்டு. பட்ஜி முதல் வகை. காட்டில் பெருங்கூட்டமாகத் திரிகிற இனம், அதனால் பகல் முழுவதும் பந்தியில் பேசுவது போலப் பேசிக்கொண்டே இருக்கும். ஆனால் சுவரைத் தாண்டி அதிகம் போகாது. காக்டெயில் என்கிற கொண்டை வைத்த கிளி அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, ஆளைக் காணவில்லை என்றால் விசில் அடித்துக் கூப்பிடும். அது மாடிப்படி வரை கேட்கும். குழந்தையை எழுப்புவது இப்படிப்பட்ட சத்தம்தான்.

இவை இரண்டையும்விட மெதுவானவை ஃபிஞ்ச் குருவிகள். ஜீப்ரா ஃபிஞ்ச் 10 சென்டிமீட்டர்தான். சிவந்த அலகு, 'மீப் மீப்' என்று பொம்மை ஊதல் போலச் சத்தமிடும். பெங்காலீஸ் அதனினும் அமைதி. வைரப்புறா என்று நான் சொல்கிற டைமண்ட் டவ்வும் உண்டு. மென்மையாகக் கூவும், ஆனால் தரையில் நடக்க அகலமான கூண்டு வேண்டும், சில சமயம் இரவிலும் கூவும்.

அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பறவை கையில் ஏறி உட்கார வேண்டுமா, பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? கையில் ஏற வேண்டுமென்றால் இளம் பட்ஜி ஒன்று. பார்த்தால் போதுமென்றால் ஃபிஞ்ச் இரண்டு. ஃபிஞ்ச் மனிதக் கையை விரும்பாது. தனியாக வைத்தால் வாடிவிடும்.

ஒரத்தநாட்டு மாணவி | திங்கள், காலை 6.50

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். இன்னும் மருத்துவர் ஆகவில்லை, அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பச்சைக்கிளி கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்று கேட்பார்கள். அவர் வைத்திருப்பதும் குற்றம்தான். மைனாவும், நெல்லுக்குருவி என்று நாம் சொல்கிற, வயல்களில் பறக்கும் சில்லைகளும் அப்படியே. சந்தையில் சிவப்பு, பச்சைச் சாயம் ஏற்றி 'கலர் குருவி' என்று விற்பார்கள். அவற்றில் பல வலையில் பிடித்த நெல்லுக்குருவிகள்.

பட்ஜி, காக்டெயில், ஜீப்ரா, பெங்காலீஸ் நான்கும் கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகியவை, அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜாவா குருவி வாங்கினால் 2024 விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

இனி அம்மா விஷயம். கூண்டைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பறவை இறகிலிருந்து உதிரும் தூளும் காய்ந்த எச்சத்தின் தூசியும் இழுப்பைக் கிளப்பும். காக்டெயில் உடம்பில் மாவு போன்ற தூள் மிக அதிகம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதைத் தூக்கினால் உங்களுக்கே தெரியும். ஆகவே காக்டெயிலை மறந்துவிடுங்கள். ஃபிஞ்சிடம் தூள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அம்மாவைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவரிடம் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

தஞ்சை மாடிவீடு | திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. மாணவி எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "சட்டம் வருவதற்கு முன்பே என் கிளி போய்விட்டது, என் மேல் வழக்குப் போட முடியாது" என்றார். பிறகு, "அது ஒருநாளும் என்னிடம் அன்பாக இருந்ததில்லை, கடிக்கத்தான் செய்தது" என்றும் சொன்னார். ஆகக் கிளி விஷயம் முடிந்தது. கையில் ஏற வேண்டுமா என்றால், "எதற்கு? உட்கார்ந்து பார்த்தால் போதும்" என்கிறார்.

வெட்டாற்று மீன்கொத்தி | திங்கள், இரவு 9.05

யாரும் சொல்லமாட்டீர்கள் என்பதால் நான் சொல்கிறேன். வாங்காதீர்கள். பறக்கப் பிறந்ததைக் கம்பிக்குள் போட்டு, 'சாது', 'அமைதி' என்று குணச்சான்று வேறு தேடுகிறோம். பால்கனியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர், ஒரு கைப்பிடி நொய். பதினைந்து நாளில் சிட்டுக்குருவியும் அணிலும் வந்துவிடும். காசும் இல்லை, கூண்டும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் அப்பாவை வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி சாலையில் அரை மணி நேரப் பயணம். 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். ஒரு காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பார்த்துவிட்டு வரலாம், ஒன்றுக்கும் தினை வாங்க வேண்டாம்.

குடமுருட்டிக்கரை | திங்கள், இரவு 9.48

மீன்கொத்தி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். பால்கனிச் சட்டி நல்ல யோசனை, இன்றைக்கே வையுங்கள். ஆனால் மூன்றாம் மாடிப் பால்கனிக்கு முதலில் வருவது சிட்டுக்குருவி இல்லை ஐயா, மாடப்புறா. எங்கள் குடியிருப்பில் நொய் வைத்தோம். ஒரே மாதத்தில் ஏசி பெட்டி மேல் எச்சம், துணி மேல் எச்சம், சங்கக் கூட்டத்தில் என் பெயர். இழுப்பு உள்ள வீட்டுக்குப் புறாக் கூட்டத்தை நொய் போட்டு அழைப்பது ஆகாது. தண்ணீர் மட்டும் வையுங்கள்.

வடுவூர் வருடத்தில் மூன்று மாதம். காலை ஐந்து மணி தினமும் வருகிறது.

வெட்டாற்று மீன்கொத்தி | திங்கள், இரவு 9.55

புறா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கூண்டு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

பாமணியாறு | செவ்வாய், காலை 7.20

சாதுவான பறவை என்று தேடுகிறீர்களே, அதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுக்கு முன்பு மகனுக்குப் பட்ஜி வாங்கப் போனேன். கூண்டில் முப்பது பறவைகள் தாவிக்கொண்டும் ஒன்றையொன்று கொத்திக்கொண்டும் இருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் உருண்டையாக, கண்ணை மூடிக்கொண்டு, சாமியார் போல உட்கார்ந்திருந்தது. கை விட்டால் ஓடவில்லை. "இது ரொம்பச் சாது சார், குழந்தைகளுக்கு ஏற்றது" என்றார் கடைக்காரர். எனக்கு மகிழ்ச்சி. நான்காம் நாள் காலை கூண்டின் தரையில் கிடந்தது. மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பறவைகள் நோயை மறைக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நலிந்ததாகக் காட்டிக்கொண்டால் பருந்துக்கு இரை, அதனால் முடிந்தவரை நடிக்கும். நடிக்கவும் முடியாமல் போன கட்டத்தில்தான் இறகைச் சிலிர்த்து உருண்டையாக உட்காரும். நல்ல பறவை பகலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் தூங்கலாம். இரண்டு காலிலும் நின்றபடி, சிலிர்த்தபடி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால் அதைத் தொடாதீர்கள். பின்பக்கம் இறகு ஈரமாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அமைதியான இனத்தைத் தேடுங்கள், அந்த இனத்தில் அதிகம் துள்ளுகிற பறவையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கூண்டுச்சாவி | செவ்வாய், காலை 8.02

பாமணியாறு எழுதியதற்கு ஒரு கும்பிடு. 15 ஆண்டில் என்னிடம் கேட்டவர்களில் பாதிப்பேர் வாங்கி வந்தது அந்த உருண்டைப் பறவையைத்தான்.

அரசலாறு | செவ்வாய், காலை 8.30

கடைக்காரர் இலவசமாக ஒரு பானையும் கொடுத்தார். அதைக் கட்டலாமா கூடாதா? எங்கள் வீட்டில் கட்டிவிட்டேன்.

கூண்டுச்சாவி | செவ்வாய், காலை 9.10

முட்டையும் குஞ்சும் வேண்டுமென்றால் கட்டுங்கள். வேண்டாமென்றால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். ஓட்டை போட்ட மண்பானையைப் பார்த்ததும் பட்ஜி பெட்டைக்குக் குடும்ப ஆசை வந்துவிடும். ஆறு மாதத்தில் ஜோடி பன்னிரண்டு ஆகும். அப்புறம் அமைதி எங்கே? அடுத்தடுத்து முட்டையிட்டால் சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை வெளியே வராமல் பெட்டை செத்துப்போவதும் உண்டு. பானை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூண்டில் எப்போதும் ஒரு துண்டு கடல் நுரை தொங்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள், கணவாய் ஓடுதான் அது.

பெங்காலீஸ் என்றால் மட்டும் சிறிய கூடை வைக்கலாம், அவை இரவில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தூங்கும். முட்டையிட ஆரம்பித்தால் கூடையை எடுத்துவிடுங்கள். இரண்டையும் சேவலாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை. சேவலும் பெட்டையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பாடுவது சேவல் மட்டும். கடையில் கால் மணி நேரம் நின்று, எது தலையை நீட்டி இறகை உப்பிக்கொண்டு பாடுகிறது என்று பார்த்துக் கைகாட்டுங்கள்.

குடமுருட்டிக்கரை | செவ்வாய், பகல் 12.25

கூண்டை எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. பால்கனி வேண்டாம். எங்கள் கீழ்வீட்டில் காகம் கம்பி வழியாக அலகை விட்டுக் கொத்தி ஒரு கண்ணை எடுத்துவிட்டது. சித்திரை வெயில் வேறு. குளியலறைக் குழாய்கள் இறங்கும் திறந்த இடைவெளிப் பக்கமும் வேண்டாம். கிணற்றுக்குள் கத்தியது போல 12 வீட்டுக்கும் கேட்கும். கூடத்தில், உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு, ஒரு பக்கம் சுவர் இருக்குமாறு வையுங்கள். தரை ஓடும் வெற்றுச் சுவரும் சத்தத்தை இரட்டிப்பாக்கும். ஒரு கெட்டித் திரையும் ஒரு பழைய ஜமக்காளமும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கூண்டைத் திறந்து பறக்கவிடும் நாளில் மின்விசிறி நிற்க வேண்டும். விசையை அணைத்தால் போதாது, இறக்கை சுற்றி முடிந்து நிற்கும்வரை பொறுக்க வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

ஒரத்தநாட்டு மாணவி | செவ்வாய், மாலை 6.15

புகை பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரி குருவிகளை வைத்திருந்தார்கள்; நச்சுவாயு மனிதனுக்குத் தெரியும் முன்பே குருவி மயங்கிவிடும். காரணம் அதன் மூச்சமைப்பு. நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து, காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல காற்றையும் கெட்ட காற்றையும் நம்மைவிட வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆகவே வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, கற்பூரம் எல்லாம் கூண்டு இருக்கும் அறைக்கு வெளியே. தெருவில் கொசுமருந்துப் புகை அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமையாக அடுப்பில் மறந்து காயவிட்டால், அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். இரும்புக் கல் இருந்தால் அதற்கே திரும்புங்கள். உங்கள் அம்மாவின் மார்புக்கும் இவை எல்லாம் நல்லதுதான்.

அடைமழைக் காலத்தில் தினையை மொத்தமாக வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து ஈரத்துக்கு மூட்டைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். முகர்ந்து பார்த்தால் நெடி அடிக்கும். கால் கிலோவாக வாங்கி, வெயில் கண்ட அன்று முறத்தில் காயவைத்து, டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

வேதாரண்யக் காற்று | செவ்வாய், இரவு 8.30

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் எங்கள் வீட்டு ஓட்டைக் கொண்டுபோனபோது, என்னிடம் எட்டு ஜீப்ரா இருந்தன. கூண்டு பெரிது, வாசல் வழியே நுழையாது, சுமக்கவும் முடியாது. அட்டைப்பெட்டியில் துளையிட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதன்பிறகு கைப்பிடி வைத்த சிறிய கூண்டு ஒன்றை எப்போதும் தனியாக வைத்திருக்கிறேன். மாடி வீட்டுக்காரருக்கும் மின்தூக்கி நிற்கும் நாள் வரும்.

தஞ்சை மாடிவீடு | பதினொரு நாள் கழித்து, சனி, இரவு 9.20

மருத்துவரிடம் கேட்டோம். ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், இழுப்பு கூடினால் பறவையைக் கொடுத்துவிட வேண்டும், கூண்டு அம்மாவின் படுக்கையறையில் இருக்கக் கூடாது, எச்சத்தட்டை அம்மா தொடக் கூடாது என்றார். கொடுத்துவிட வேண்டி வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று கூண்டுச்சாவி அண்ணன் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை அப்பாவோடு கடைக்குப் போனோம். ஜீப்ராவைப் பார்த்தார், "கன்னத்தில் மஞ்சள் குங்குமம் பூசிக்கொண்டிருக்கிறது" என்றார், நகர்ந்துவிட்டார். பெங்காலீஸ் கூண்டின் முன்னால் நின்றுவிட்டார். பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக, ஒன்றுபோல ஒன்று இல்லை. "இது நெல்லுக்குருவி மாதிரி அல்லவா இருக்கிறது? களத்தில் தகரத்தைத் தட்டித் தட்டி விரட்டிய பயலுக்கு இப்போது நான் காசு கொடுத்துத் தீனி போடுவதா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். பிறகு அவரே கால் மணி நேரம் நின்று, பாடிய இரண்டைக் கைகாட்டினார். பாமணியாறு சொன்னபடி இரண்டும் துள்ளல்.

கூண்டு இரண்டரை அடி நீளம், படுக்கைவாட்டில். குச்சிகளுக்குக் கொய்யாக் கிளை.

ஒரத்தநாட்டு மாணவி | சனி, இரவு 9.45

நெல்லுக்குருவி மாதிரி என்று அப்பா சொன்னது சரிதான். பெங்காலீஸ் என்பது சில்லை இனத்தில் ஒன்றான வெண்முதுகுச் சில்லையிலிருந்து வந்தது. சீனத்திலிருந்து போன பறவையை ஜப்பானியர்கள் கூண்டில் வளர்த்து உருவாக்கிய வகை. காட்டில் எங்கும் கிடையாது. வங்காளத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிரத் தொடர்பில்லை.

வெட்டாற்று மீன்கொத்தி | சனி, இரவு 10.00

காட்டில் கிடையாது என்றால் திறந்துவிடு என்று சொல்லவும் முடியாது. சரி, இரண்டரை அடியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

தஞ்சை மாடிவீடு | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 6.05

கூண்டை மாற்றிவிட்டேன், இப்போது மூன்றரை அடி. அம்மாவுக்கு இதுவரை தொந்தரவு இல்லை. ஒரு சந்தேகம். தண்ணீர்க் கிண்ணத்தில் இரண்டும் தினமும் குளிக்கின்றன. சாயங்காலம் ஐந்து மணிக்கும் குளித்துவிட்டு நனைந்தபடியே கூடைக்குள் போகின்றன. மழை வரும் மாதங்களில் சளி பிடிக்காதா?

கூண்டுச்சாவி | ஞாயிறு, காலை 7.30

குளிக்கட்டும், அது அவற்றின் சுபாவம். குளிக்க அகலமான தட்டைத் தனியாகப் பதினொரு மணிக்கு வைத்து, இரண்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் குப்பியில் கொடுங்கள், அதில் இறங்க முடியாது. இறகு காய்ந்த பிறகுதான் அடைய வேண்டும். வெயிலே வராத நாளில் தட்டு வைக்காதீர்கள்.

தஞ்சை மாடிவீடு | ஞாயிறு, காலை 7.52

அப்பா அதைக் குறித்துக்கொண்டார். ஆலைக் கணக்கு எழுதிய பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். நேற்றைய பக்கத்தில் இருக்கும் இதுவரைக்குமான மொத்தக் கணக்கு இது: "தினை வரவு 250 கிராம். தின்றது 120. தரையில் சிதறியது 40. இருப்பு 90. சிதறியதற்குப் பெரியவனே பொறுப்பு."